பால் கலந்த தண்ணீரும் பொங்காத சாக்பீஸும்

ஒளி ஒரு பாடம், பாறை ஒரு பாடம், கடல்வாழ் உயிரினங்கள் ஒரு பாடம். தொடக்கப்பள்ளி அறிவியலில் இந்த மூன்றும் தனித்தனியாக வந்து தனித்தனியாகவே போய்விடுகின்றன. பிள்ளைகளும் ‘ஒளி நேர்கோட்டில் செல்லும்’, ‘பாறைகள் மூவகைப்படும்’, ‘திமிங்கலம் ஒரு பாலூட்டி’ என்று ஆளுக்கு மூன்று வரி மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் கடலுக்குள் வெளிச்சம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் எந்த உயிர் எங்கே வாழும் என்பது முடிவாகிறது. அந்த உயிர்களின் ஓடும் கூடும் கடலடியில் படிந்து பாறையாகின்றன. ஆகவே ஒளி, கடல், பாறை என்ற வரிசையில் சொல்லிக்கொடுத்தால் ஒன்றிலிருந்து அடுத்தது தானாகக் கிளம்பும். அதற்கான சோதனைகளை, எங்கே சொதப்பும், ஏன் சொதப்பும் என்பதோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். செய்முறை மட்டும் சொல்லும் குறிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. சோதனை வராவிட்டால் என்ன செய்வது என்று அவை சொல்வதில்லை.

மரத்தடிப் பொட்டுகள்

மரநிழலில் வட்டவட்டமாக வெளிச்சப் பொட்டுகள் விழுமே, அங்கிருந்து தொடங்கலாம். இலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எதுவும் வட்டமாக இருப்பதில்லை. பிறகு பொட்டு மட்டும் ஏன் வட்டம்? அவை ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். இதைச் சொல்வதைவிடக் காட்டுவது சுலபம். தடித்த அட்டையில் பக்கத்துக்கு 5 மி.மீ. வரும்படி ஒரு முக்கோண ஓட்டை வெட்டுங்கள். அட்டையை வெயிலில் தரைக்கு 10 செ.மீ. மேலே பிடித்தால் தரையில் முக்கோண வெளிச்சம் விழும். அப்படியே 2 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் முக்கோணம் மங்கி வட்டமாகிவிடும். சூரிய பிம்பத்தின் அகலம் தூரத்தில் சுமார் 108-இல் ஒரு பங்கு. அதாவது ஒரு மீட்டருக்கு 9 மி.மீ. அளவு. கிட்டத்தில் பிம்பம் ஓட்டையைவிடச் சிறியது என்பதால் ஓட்டையின் வடிவம் தெரிகிறது. தூரத்தில் பிம்பம் பெரிதாகி ஓட்டையின் வடிவத்தை விழுங்கிவிடுகிறது. பகுதி சூரிய கிரகணத்தின்போது இதே பொட்டுகள் எல்லாம் பிறையாக மாறும். பார்க்க வேண்டியது தரையை மட்டுமே. ஓட்டை வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஊசித்துளை கேமரா இதன் அடுத்த படி. பெரும்பாலானவர்கள் ஆணியால் துளை போட்டுவிட்டு ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பார்கள். 15 செ.மீ. நீளப் பெட்டிக்குத் துளை அரை மி.மீ. இருக்க வேண்டும். ஆணித்துளை 2, 3 மி.மீ. வந்துவிடும், வெளிச்சம் நிறைய வந்தாலும் பிம்பம் குழம்பியிருக்கும். ‘அப்படியானால் இன்னும் சிறிதாகப் போடலாமே’ என்று தோன்றும். அதுவும் பலிக்காது. துளை மிகச் சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவுவதால் பிம்பம் மறுபடி மங்குகிறது. அட்டையில் நேரடியாகத் துளைத்தால் ஓரம் பிசிறடிக்கும். அட்டையில் ஒரு செ.மீ. சதுரம் வெட்டி, அதன் மேல் அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, தையல் ஊசியின் நுனியை மட்டும் அழுத்தி எடுங்கள். ஊசி முழுவதும் உள்ளே போய்விட்டால் தாளை மாற்றிவிடுவதே நல்லது. மறுபுறம் டிரேசிங் தாள். தலையைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு வெயிலில் இருக்கும் காட்சியைப் பாருங்கள். அறைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் முயன்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பிம்பம் தலைகீழாக நிற்கும். ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை: மரத்தின் உச்சியிலிருந்து வரும் கதிர் துளையைத் தாண்டினால் திரையின் அடியில்தானே போய் விழ முடியும்!

தண்ணீருக்குள் போகும்போது ஒளி வளைகிறது. வெற்றிடத்தில் நொடிக்கு 2,99,792 கி.மீ. ஓடும் ஒளி, தண்ணீரில் சுமார் 2,25,000 கி.மீ. வேகத்துக்கு இறங்கிவிடுகிறது, சாய்வாக நுழையும்போது இந்த வேகக்குறைவுதான் பாதையை மடக்குகிறது. கிண்ணத்துக்குள் நாணயம் போட்டு, விளிம்பு மறைக்கும்வரை பின்னால் நகர்ந்து, தண்ணீர் ஊற்றியதும் நாணயம் எழுந்து தெரியும் சோதனை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதில் ஒரு வம்பு உண்டு. தண்ணீர் ஊற்றும் வேகத்தில் நாணயம் உண்மையாகவே நகர்ந்துவிடும். ‘நாணயம் நகர்ந்துதான் தெரிகிறது’ என்று பிள்ளை சொன்னால் அது நியாயமான ஆட்சேபம். நாணயத்தை மெழுகால் ஒட்டிவிட்டு, கிண்ணத்தின் ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். நேர் மேலிருந்து பார்த்தால் 8 செ.மீ. ஆழத் தண்ணீர் 6 செ.மீ. போலத் தெரியும், நாலில் மூன்று பங்கு. சாய்வாகப் பார்க்கப் பார்க்க இன்னும் ஆழம் குறைந்ததுபோல் இருக்கும். ஆழமில்லை என்று நம்பிக் குளத்தில் குதிப்பது ஏன் ஆபத்து என்பதை இங்கேயே சொல்லிவிடலாம்.

வில்லாளி மீன் என்று ஒன்று உண்டு. சதுப்புநிலக் காடுகளில், நீருக்கு மேலே இலையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியின் மீது வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கீழே விழவைத்துத் தின்னும். நீருக்குள் இருந்து பார்க்கும் அதற்குப் பூச்சி இருக்கும் இடம் தப்பாகத்தான் தெரியும். அந்தத் தப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டே அது குறிவைக்கிறது.

தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் நமக்கு எல்லாம் கலங்கலாகத் தெரிவதற்கும் இதே வளைவுதான் காரணம். நம் கண்ணில் ஒளியை மடக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கருவிழியின் முன்புற வளைவு செய்கிறது. காற்றிலிருந்து கண்ணுக்குள் நுழையும்போதுதான் அந்த மடக்கல் நடக்கும். கருவிழியும் தண்ணீரும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவு வளைப்பவை என்பதால் நீருக்குள் அந்த வேலை நின்றுபோகிறது. நீச்சல் கண்ணாடி கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றை நிறுத்திவைக்கிறது, பார்வை திரும்பிவிடுகிறது. மீன்கள் வேறு வழி கண்டிருக்கின்றன: அவற்றின் கண்வில்லை தட்டையாக இல்லாமல் முழு உருண்டையாக இருக்கும். மடக்கல் வேலை மொத்தத்தையும் அந்த வில்லையே பார்த்துக்கொள்ளும்.

கடல் ஏன் நீலம்

‘வானத்தின் பிரதிபலிப்பு’ என்ற பதில் இன்னும் ஓயவில்லை. மேற்பரப்பில் வானம் பிரதிபலிப்பது உண்மைதான். ஆனால் கூரைக்கு அடியில், வெள்ளை ஓடு பதித்த ஆழமான நீச்சல் குளமும் நீலச்சாயலோடுதான் தெரிகிறது. அங்கே வானம் ஏது?

இரண்டு வேறு நீலங்கள் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டிவிட வேண்டும். வானத்தின் நீலத்துக்குப் பால் சோதனை. 20 முதல் 30 செ.மீ. நீளமுள்ள கண்ணாடித் தொட்டியிலோ நேரான பாட்டிலிலோ ஒரு லிட்டர் தண்ணீர் எடுங்கள். அறையை இருட்டாக்கி, ஒரு முனையில் டார்ச்சை ஒட்டிப் பிடித்து, பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். பக்கவாட்டில் பார்த்தால் கதிரின் பாதை இளநீலமாகத் தெரியும். எதிர்முனையில் நின்று பார்த்தால் டார்ச்சின் வெளிச்சம் மஞ்சளாகி, இன்னும் சில சொட்டுக்குப் பிறகு ஆரஞ்சாகும். அந்தி வானம் சிவப்பதும் இதே கணக்குதான். நீலம் வழியிலேயே பக்கவாட்டில் சிதறிப்போக, மிச்சம் மட்டும் நேராக வந்து சேர்கிறது.

இது தோற்பதற்கு முதல் காரணம் பால் அதிகமாவது. அரைத் தேக்கரண்டியைத் தாண்டினால் ஒளி திரும்பத் திரும்பச் சிதறி எல்லா நிறமும் கலந்து வெறும் வெள்ளையாகிவிடும். இரண்டாவது, கொழுப்பு நிறைந்த பால். பாலில் உள்ள புரதத் துகள்கள் மிகச் சிறியவை, நீலத்தை அதிகம் சிதறடிப்பவை. கொழுப்புத் துளிகளோ அவற்றைவிடப் பல மடங்கு பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடிப்பவை. கொழுப்பு நீக்கிய பாலில் நிறம் தெளிவாக வரும். மூன்றாவது, பாத்திரம் சிறியதாக இருப்பது. டம்ளரின் குறுக்கே 6 செ.மீ. தூரம் போதாது.

கடலின் நீலம் இப்படி வருவதில்லை. தண்ணீர் மூலக்கூறுகளே சிவப்பை உறிஞ்சிவிடுகின்றன. டம்ளர் தண்ணீரில் தெரியாத அளவுக்குக் கொஞ்சமாக, மீட்டர் கணக்கில் போனால் நன்றாகத் தெரியும்படி. தெளிந்த கடலில் முதல் 10 மீட்டருக்குள்ளேயே சிவப்பு பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிறகு ஆரஞ்சு, அதன் பின் மஞ்சள். கடைசிவரை இறங்குவது நீலம். 20 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்பவரின் கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் பச்சை கலந்த கருப்பாகத் தெரியும். டார்ச் அடித்தால்தான் சிவக்கும். 200 மீட்டரில், மேலே இருக்கும் வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு கூடத் தேறாது. 200 முதல் 1,000 மீட்டர் வரை அந்திப் பகுதி. அதற்குக் கீழே சூரியன் என்ற ஒன்று இருப்பதற்கான அடையாளமே இல்லை. கடலின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்: கடலின் மிகப் பெரும்பகுதி நிரந்தர இருட்டு.

ஆழ்கடலில் பல இறால்கள் பளிச்சென்ற சிவப்பு நிறத்தில் இருக்கின்றன. மறைந்து வாழ வேண்டிய பிராணிக்கு இவ்வளவு எடுப்பான நிறமா என்று கேட்கத் தோன்றும். சிவப்புப் பொருள் சிவப்பாகத் தெரிய அதன் மேல் சிவப்பு ஒளி பட வேண்டும். அங்கே அது இல்லாததால் சிவப்பு என்பது கறுப்புதான். இதை வீட்டிலேயே காட்டலாம். செருப்புப் பெட்டியின் உட்புறம் முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டி, பின்சுவரில் சிவப்பு, நீலம், வெள்ளைத் தாள்களில் வெட்டிய மூன்று மீன்களை ஒட்டுங்கள். எட்டிப் பார்க்க ஒரு துளை, மேலே வெளிச்சம் விழ ஒரு பெரிய வெட்டு. பல குறிப்புகளில் டார்ச்சின் மேல் நீல செலோபேன் தாளைக் கட்டச் சொல்வார்கள். ஒரு சுற்று செலோபேன் சிவப்பையும் கொஞ்சம் கசியவிடும். சிவப்பு மீன் மறையாது. நாலைந்து மடிப்பு வைத்தால் வெளிச்சமே போதாது. இதைவிடச் செல்போன் திரை எவ்வளவோ மேல். முழுத்திரையும் தூய நீலமாக ஒரு படத்தை வைத்து, வெளிச்சத்தைக் கூட்டி, இருட்டறையில் வெட்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். சிவப்பு மீன் காணாமல் போகும். வெள்ளையும் நீலமும் ஒரே நீலமாக நிற்கும். அப்போதும் சிவப்பு லேசாகத் தெரிந்தால் குற்றம் தாளின் மேல்தான். ரோஜா நிறம் கலந்த சிவப்பு நீல ஒளியையும் கொஞ்சம் திருப்பி அனுப்பும். ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பாக எடுங்கள்.

இதற்கும் ஒரு திருட்டு வழி உண்டு. ஆழ்கடலின் டிராகன் மீன்களில் சில, கண்ணுக்குக் கீழே சிவப்பு ஒளி உமிழும் உறுப்பை வைத்திருக்கின்றன. அந்தச் சிவப்பைப் பார்க்கும் கண்ணும் அவற்றுக்கு இருக்கிறது. சுற்றியுள்ள மற்ற உயிர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பு தெரியாது. இரை தன் மேல் வெளிச்சம் விழுந்ததையே அறியாது.

வெளிச்சம் உள்ள அந்த மேல் 200 மீட்டர்தான் கடலின் சமையலறை. அங்கே மிதக்கும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி இவற்றின் கணக்கு. கீழே வாழும் பல உயிர்கள் இரவில் மேலே வந்து மேய்ந்துவிட்டு விடிவதற்குள் இறங்கிவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல்களின் ஒலிக்கருவிகள், ஆழமான கடலின் நடுவில் ஒரு ‘தரை’ இருப்பதாகக் காட்டின. அது இரவில் மேலேறிப் பகலில் இறங்கியது. தரை என்று தெரிந்தது இந்த உயிர்க்கூட்டம்தான்.

சூரியனே தேவைப்படாத உயிர்களும் உண்டு. 1977-இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், கடலடி வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி வாயும் குடலும் இல்லாத குழாய்ப் புழுக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. பாறைப் பிளவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடைக் கொண்டு உணவு தயாரிக்கும் பாக்டீரியாக்களைத் தங்கள் உடலுக்குள்ளேயே வைத்து வளர்க்கின்றன அவை.

பவளத்தைப் பற்றி இரண்டு வரி: அது செடியும் அல்ல, வெறும் கல்லும் அல்ல. சில மி.மீ. அளவுள்ள விலங்குகள் கூட்டமாகக் கட்டிய சுண்ணாம்பு வீடு. விலங்கின் உடலுக்குள் குடியிருக்கும் பாசிக்கு வெளிச்சம் தேவை என்பதால்தான் பவளத்திட்டுகள் ஆழமில்லாத தெளிந்த நீரில் வளர்கின்றன.

ஓடு எப்படிக் கல்லாகிறது

பவளமும் சிப்பியும் கண்ணுக்குத் தெரிகிற சுண்ணாம்பு. கண்ணுக்குத் தெரியாதவைதான் அளவில் மிக அதிகம். மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லாத சில நுண்பாசிகள் தங்களைச் சுற்றிக் கால்சியம் கார்பனேட் தகடுகளைக் கட்டிக்கொள்கின்றன. செத்த பிறகு இந்தத் தகடு தனியாக மூழ்கினால் கடலடியைச் சேர வெகுகாலம் ஆகும்; வழியிலேயே கரைந்தும் போகலாம். ஆனால் பாசியைத் தின்னும் சிறு பிராணிகளின் எச்சத்தில் தகடுகள் மொத்தமாகக் கட்டுண்டு, வேகமாக இறங்கிவிடுகின்றன. பிள்ளைகள் வகுப்பில் சிரிக்கும் இடம் இது, சிரித்தால் மறக்காது. இப்படி ஆயிரம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு செ.மீ. என்று படிந்த சேறு இறுகிச் சீமைச்சுண்ணாம்பாகவும் சுண்ணாம்புக்கல்லாகவும் ஆகிறது. இங்கிலாந்தின் டோவர் வெள்ளைப் பாறைச்சுவர் இந்த வகை. உயரம் நூறு மீட்டருக்கு மேல். எகிப்தில் கீசா பிரமிடுகளின் சுண்ணாம்புக்கல்லில் பருப்புபோல வட்டவட்டமாக இருப்பவை, நம்முலைட் என்ற ஒற்றைச்செல் கடலுயிரியின் ஓடுகள். பிரமிடு கட்டிய ஆட்கள் தின்று மிச்சம் வைத்த பருப்பு கல்லாகிவிட்டது என்று அங்கே பேசிக்கொண்டதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்கப் பயணி ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார். எவரெஸ்ட் உச்சியில் இருப்பதும் கடல் உயிர்களின் துணுக்குகள் அடங்கிய சுண்ணாம்புக்கல்தான்.

எல்லாக் கடலடியிலும் இது நடக்காது. நாலைந்தாயிரம் மீட்டருக்குக் கீழே குளிரும் அழுத்தமும் கரைந்த கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து ஓடுகளைக் கரைத்துவிடுகின்றன. அங்கே வெள்ளைச் சேறு இருக்காது, பழுப்புக் களிமண்தான்.

சுண்ணாம்புக்கல்லைக் கண்டுபிடிக்க வினிகர் சோதனை போதும். கல்லின் மேல் வினிகரைச் சொட்டினால் கார்பன் டை ஆக்சைடு குமிழ் விடும். சொல்ல ஒரே வரி. செய்தால் ஐந்து விதத்தில் ஏமாற்றும்.

முதலாவது, சாக்பீஸ். ‘சுண்ணாம்புதானே’ என்று வினிகரில் போடுவார்கள், ஒன்றும் பொங்காது. பல சாக்பீஸ்கள் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். அதில் வெளியேற கார்பன் டை ஆக்சைடே இல்லை. பொங்கும் சாக்பீஸும் உண்டு; தூசு குறைவு என்று விற்கும் வகைகள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் செய்தால் தோல்வியே பாடமாகிவிடும்.

அடுத்தது பொய்க் குமிழ். செங்கல், காய்ந்த மணற்கல் போன்றவற்றின் துளைகளில் இருக்கும் காற்று, எந்த ஈரம் பட்டாலும் குமிழாக வரும். முதலில் வெறும் தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பாருங்கள், குமிழ் நின்ற பிறகு வினிகர். மூன்றாவது, வினிகரில் அமிலம் நூற்றுக்கு ஐந்து பங்குதான்; கெட்டியான பளிங்கில் குமிழ் மிக மெதுவாக வரும். ஆணியால் கீறிப் பொடியாக்கி, அந்தப் பொடியின் மேல் இரண்டு சொட்டு விட்டு, லென்ஸ் வைத்துப் பாருங்கள். வினிகரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கினால் இன்னும் தெளிவாகும். டோலமைட் என்ற கல் பொடித்தால்தான் லேசாக அசையும், கல்லாக இருக்கும்போது அமைதியாக இருக்கும். நான்காவது கான்கிரீட்: தெருவில் பொறுக்கிய சாம்பல் நிறக் கல் பொங்குகிறது என்றால் அது உடைந்த கான்கிரீட்டா என்று உடைத்துப் பாருங்கள், சிமெண்ட்டும் பொங்கும். ஐந்தாவது, மணற்கல்லில் மணல் பொங்காமல், மணலை ஒட்டவைத்திருக்கும் சுண்ணாம்பு மட்டும் பொங்குவது. லென்ஸில் பார்த்தால் குமிழ் மணிகளுக்கு நடுவிலிருந்து வருவது தெரியும். இது ஏமாற்றம் அல்ல, நல்ல கண்டுபிடிப்பு.

வினிகரில் சிப்பியைக் கரையவிட்டு ‘கார்பன் டை ஆக்சைடு கரைவதால் கடலில் இப்போது இதுதான் நடக்கிறது’ என்று காட்டும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. கடல்நீர் காரத்தன்மை உள்ளது. தொழிற்புரட்சிக்கு முன் அதன் பிஎச் அளவு (அமிலம் கூடக் கூடக் குறையும் எண்) சுமார் 8.2, இப்போது சுமார் 8.1. வினிகருடையது இரண்டரை அளவில். 0.1 என்பது சிறிய எண்ணாகத் தெரிந்தாலும் பிஎச் கணக்கில் அது ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடியதைக் குறிக்கும். அதனால் ஓடு கட்டும் உயிர்களுக்குக் கட்டுமானச் செலவு ஏறுகிறது. சிப்பி வினிகரில் கரைவதுபோல நுரைத்துக் கரைவதில்லை. மிகைப்படுத்திக் காட்டினால் பின்னால் பிள்ளை உண்மையைக் கண்டுபிடித்து மொத்தத்தையும் நம்பாமல் போகும்.

சுண்ணாம்பு கரைவதும் திரும்பப் படிவதும் பார்க்க வேண்டுமென்றால் சோடா எடுங்கள். ஒரு லிட்டர் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் நீற்றிய சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டி போட்டுக் குலுக்கி, இரவு முழுதும் மூடிவைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 1.7 கிராம் அளவுதான் கரையும் என்பதால் அடியில் மண்டி இருந்தே தீரும். நீற்றாத சுண்ணாம்பை எடுத்துவிடாதீர்கள். தண்ணீர் பட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பெரியவர்கள் கையாலேயே ஊற்றுங்கள். 50 மி.லி. தெளிவில் உப்புச் சேர்க்காத குளிர்ந்த சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் முதல் பத்துப் பதினைந்து மி.லி.யில் பாலாக வெளுக்கும். அது கால்சியம் கார்பனேட். நிறுத்தாமல் 150 மி.லி. வரை ஊற்றிக் கலக்குங்கள். சில நிமிடத்தில் மறுபடி தெளிந்துவிடும். அந்தத் தெளிந்த நீரைச் சூடாக்கினால் கரியமில வாயு வெளியேறித் திரும்ப வெளுக்கும். சுண்ணாம்புக் குகைகள் உண்டாவதும், குகைக் கூரையிலிருந்து கல்விழுதுகள் தொங்குவதும், கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிப்பதும் இந்தப் போக்குவரத்துதான். தெளியவில்லை என்றால் சோடா வாயு போனதாக இருக்கும். புது பாட்டில் திறங்கள். ஸ்ட்ரா வைத்து ஊதுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. சிறு பிள்ளைகள் தவறி உறிஞ்சிவிடுவார்கள்.

கல்லைச் சோதிக்க மேலும் இரண்டு வழி

கீறிப் பார்ப்பது ஒன்று. ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த பத்துப் படிக் கடினத்தன்மை அளவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நகம் 2.5, செம்பு 3-ஐ ஒட்டி, கண்ணாடியும் கத்தியும் 5.5-ஐ ஒட்டி, மணலில் மிகுந்திருக்கும் குவார்ட்ஸ் 7. சுண்ணாம்புக்கல்லில் உள்ள தாதுவான கால்சைட் 3, அதனால் கத்தி சுண்ணாம்புக்கல்லைக் கீறும்; குவார்ட்ஸோ கண்ணாடியைக் கீறும். இங்கே வழக்கமான தவறு, பொடியைக் கீறல் என்று நினைப்பது. மென்மையான கல்லைக் கண்ணாடியில் தேய்த்தாலும் வெள்ளைக் கோடு விழும். ஈர விரலால் துடைத்தால் போய்விடும். போகாமல் நகத்துக்குத் தட்டுப்பட்டால்தான் கீறல். கண்ணாடித் துண்டைக் கையில் பிடிக்காமல் மேசையில் படுக்கவைத்துச் செய்யுங்கள்.

இன்னொன்று அடர்த்தி. டிஜிட்டல் தராசு, தண்ணீர்ப் பாத்திரம், நூல் போதும். கல்லை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பாத்திரத்தைத் தண்ணீரோடு தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். இப்போது காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன செ.மீ. கணக்கில். 270 கிராம் கல் 100 காட்டினால் அடர்த்தி 2.7, கிரானைட் 2.6 முதல் 2.7 வரை, எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் கல் 2.8 முதல் 3 வரை. கல் அடியில் தொட்டால் எண் எகிறிவிடும். மேலே காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைந்து வரும். முன்பே ஊறவைத்துத் துடைத்துவிடுங்கள். 50 கிராம் கல்லில் இதைச் செய்து பயனில்லை. ஒரு கிராம் பிழை வந்தாலே விடை நூற்றுக்கு ஐந்து பங்கு தப்பும். கிரானைட்டுக்கும் பசால்ட்டுக்கும் உள்ள வித்தியாசமே நூற்றுக்குப் பத்துப் பங்குதான். 200 கிராமுக்குக் குறையாத கல் எடுங்கள்.

அந்தச் சின்ன வித்தியாசத்தால்தான் கடல் என்ற பள்ளமே இருக்கிறது. கண்டங்கள் பெரும்பாலும் கிரானைட் வகையைச் சேர்ந்த லேசான, தடித்த பாறை. சுமார் 35, 40 கி.மீ. தடிமன். கடலடி பசால்ட், கனமானது, சுமார் 7 கி.மீ. தடிமன்தான். இரண்டும் அடியில் உள்ள இன்னும் கனமான பாறையின் மேல் மிதப்பதாக வைத்துக்கொண்டால், கனமும் மெலிவும் உள்ளது தாழ்ந்து கிடக்கும். தாழ்ந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது.

ஆறு கடலில் சேரும் இடத்தில் வண்டல் திட்டு ஏன் உண்டாகிறது என்பதற்கும் ஒரு சோதனை உண்டு, அதிகம் பேர் செய்வதில்லை. இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்களில் காய்ச்சி வடித்த நீர் அல்லது மழைநீர், ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி நைசான களிமண். ஒன்றில் மட்டும் கடல்நீர் அளவுக்கு 35 கிராம் உப்பு. இரண்டையும் குலுக்கி வையுங்கள். உப்புத் தண்ணீரில் களிமண் துகள்கள் திரிந்து கட்டியாகிச் சில மணி நேரத்தில் அடியில் தங்கிவிடும்; மற்றது மறுநாளும் கலங்கலாகவே இருக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் தெளிந்தால் தண்ணீர்தான் காரணம்: குழாய் நீரில் ஏற்கெனவே உள்ள கால்சியமும் மெக்னீசியமும் உப்பு செய்யும் வேலையைச் செய்துவிடும். பாட்டிலில் சோப்பு மிச்சம் இருந்தால் அதற்கு நேர்மாறாக, எதுவுமே சீக்கிரம் படியாது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்வதானால் களிமண் பாட்டில்களையும் சுண்ணாம்புத் தெளிவையும் முதல் நாள் மாலையே வைத்துவிடுங்கள். துளை சோதனைகளுக்கு வெயில் வேண்டும், பாலுக்கும் மீன் பெட்டிக்கும் இருட்டு வேண்டும். மேகம் போட்ட நாளுக்குக் கல் சோதனைகளை ஒதுக்கிவையுங்கள். சுண்ணாம்புத் தெளிவு மிஞ்சினால் பாட்டில் விளிம்புவரை நிரப்பி இறுக்கி மூடி, பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பாதி பாட்டிலாக வைத்தால் உள்ளே இருக்கும் காற்று பட்டு மேலே வெள்ளை ஏடு கட்டிவிடும்.